மைனஸ் 21 காட்டிய மீட்டர்: கம்ப்ரஸ்டு ஏர்ல ஒளிஞ்சிருக்கும் தண்ணியைப் பிடிப்பது எப்படி?

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாக லேசாகத் திருத்தித் தரப்பட்டுள்ளது.)

சென்னைல மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல இருந்து அரக்கோணம் லோக்கல் ஏறினா, திருவள்ளூர் தாண்டி ஏகாட்டூர், அடுத்தது கடம்பத்தூர். ட்ரெயின் நிக்கும்போது அடியிலிருந்து 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம் வரும், கவனிச்சிருக்கீங்களா? அது பிரேக்ல இருந்து வெளியேறுற காற்று. அழுத்தி அடைச்ச காற்றை வெச்சு ரயிலை நிறுத்துற முறைக்கு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் பேட்டன்ட் வாங்கினது 1869-ல. ரயில் இன்ஜின்கள்ல அந்தக் காற்றை உலர்த்துறதுக்குன்னே ஏர் ட்ரையர் வெச்சிருக்காங்க. பிரேக் லைன்ல தண்ணி சேரக்கூடாது இல்லையா?

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலும் அதே காற்றுதான். காக்களூர், கடம்பத்தூர், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்னு எந்த ஷெட்டுக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு மூலையில கம்ப்ரஸர் ஓடிட்டு இருக்கும். போல்ட் டைட் பண்ண, பெயின்ட் அடிக்க, பாட்டில்ல மருந்து நிரப்ப, மெஷின் கையை முன்னும் பின்னும் நகர்த்த, எல்லாத்துக்கும் காத்துதான். கரன்ட், தண்ணி, கேஸ் மாதிரி இதுவும் ஒரு யுடிலிட்டி. ஆனா கரன்ட் போனா உடனே தெரியும். காத்துல தண்ணி ஏறினா தெரியாது. அப்படித் தெரியாததால ஒருத்தர் மேல பழி விழுந்த கதைதான் இன்னிக்கு எபிசோட்.

செகண்ட் ஷிஃப்ட் அண்ணன்

டிப்ளமோ முடிச்சதும் நான் ட்ரெயினியா சேர்ந்தது கடம்பத்தூர் பக்கத்துல ஒரு சின்ன யூனிட்ல. பேர் வேண்டாம். இரும்பு பிராக்கெட்டுக்கு பவுடர் கோட்டிங் பண்ற வேலை. பெயின்டைத் தூளா காத்துல கலந்து, துப்பாக்கி மாதிரி ஒரு கன்ல பீச்சி, பாகத்து மேல ஒட்ட வெச்சு, அப்புறம் ஓவன்ல உருக்கி எடுக்கணும். பவுடருக்குப் பிடிக்காத ஒரே விஷயம் ஈரம். தண்ணி பட்டா பவுடர் கட்டி பிடிக்கும், கன் விட்டு விட்டு துப்பும், ஓவன்ல இருந்து வெளிய வர்ற பாகத்துல ஊசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும்.

அங்க ரெண்டு ஷிஃப்ட். காலை 6 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் ஒரு ஆபரேட்டர், 2 மணியிலிருந்து ராத்திரி 10 வரைக்கும் இன்னொருத்தர். செகண்ட் ஷிஃப்ட்ல இருந்த அண்ணன் திருவாலங்காடு பக்கத்திலிருந்து வருவார். அனுபவஸ்தர். ஏப்ரல் மாசம் ஆரம்பிச்சதும் அவர் ஷிஃப்ட்ல மட்டும் ரிஜெக்‌ஷன் ஏற ஆரம்பிச்சுது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல ஒண்ணும் இல்ல. அதே கன், அதே பவுடர், அதே பிராக்கெட். அப்ப யாரைச் சொல்வாங்க? ஆளைத்தான் சொல்வாங்க.

அவர் சொல்லிப் பார்த்தார். "தம்பி, காத்துல தண்ணி வருது. கையை நீட்டிப் பாரு, ஈரமா இருக்கு." மேல சொன்னோம். ட்ரையர் சர்வீஸ்காரரை வரவழைச்சாங்க. அவர் காலையில 10 மணிக்கு வந்தார், மீட்டர் வெச்சார், அரை மணி நேரத்துல ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போனார். டியூ பாயிண்ட் மைனஸ் 21 டிகிரி. காத்து சூப்பர். அந்தப் பேப்பர் வந்ததோட பேச்சு முடிஞ்சுது. அந்த மாசம் அண்ணனுக்கு இன்சென்டிவ் கட். அவரை பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க.

அந்த மைனஸ் 21 பொய் கிடையாது. மீட்டர் அப்படித்தான் காட்டுச்சு. ஆனா அந்த நம்பருக்கு அர்த்தம் வேற. அது புரியணும்னா முதல்ல இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும்.

ஒரு நாளைக்கு பத்து கேன் தண்ணி

நம்ம ஊர்க் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும். 30 டிகிரி வெப்பம், 75 சதவீதம் ஈரப்பதம்னு வெச்சுக்கோங்க. அந்தக் காத்துல ஒரு கன மீட்டருக்கு சுமார் 23 கிராம் நீராவி இருக்கும்.

இப்ப ஒரு 50 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரஸர். நிமிஷத்துக்கு சுமார் 6 கன மீட்டர் காத்தை உள்ள இழுக்கும். ஒரு மணி நேரத்துக்கு 360 கன மீட்டர். அதோட சேர்த்து 8 லிட்டருக்குக் கொஞ்சம் மேல தண்ணியையும் நீராவியா இழுக்குது. நாள் முழுக்க ஓடினா கிட்டத்தட்ட 200 லிட்டர். நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் கேன் பத்து. ஒரு சின்ன ஃபேக்டரியில, ஒரே ஒரு கம்ப்ரஸர்ல, தினமும்.

வெளியில நீராவியா சும்மா இருந்தது உள்ள போனதும் ஏன் தண்ணியாகுது? ஷேர் ஆட்டோவை நினைச்சுக்கோங்க. எட்டு ஆட்டோல வந்த கூட்டத்தை ஒரே ஆட்டோல ஏத்துறோம். 7 பார் வரைக்கும் அழுத்தினா எட்டு பங்கு காத்து ஒரு பங்கு இடத்துக்குள்ள வருது. ஆனா ஒரு இடத்துக்குள்ள எவ்வளவு நீராவி நிக்க முடியும்ங்கறதை வெப்பநிலைதான் முடிவு பண்ணுது. காத்தை எவ்வளவு திணிச்சாலும் நீராவிக்கான சீட் அதே எண்ணிக்கைதான். அழுத்தும்போது சூடு ஏறுறதால அந்த நேரத்துக்கு எல்லாரும் தொத்திக்கிட்டு நிக்கிறாங்க. கூலர்ல 40 டிகிரிக்கு ஆறினதும் சீட் குறையுது, கூட்டத்துல பத்துக்கு ஏழு பேர் கீழ இறங்கியாகணும். அதுதான் கம்ப்ரஸருக்கு அடியில வடியிற தண்ணி.

இறங்காத மூணு பேர்தான் நம்ம பிரச்சினை. அவங்க காத்தோடயே குழாய்க்குள்ள போறாங்க. குழாய் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தா அவங்களும் இறங்கிடுவாங்க. அதுக்காகத்தான் ட்ரையர். நிறைய யூனிட்ல இருக்கிறது ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர், அதாவது ஒரு ஃப்ரிட்ஜ். காத்தை சுமார் 3 டிகிரிக்குக் குளிர வெச்சு, விழுற தண்ணியை வடிச்சுட்டு, திரும்ப வெதுவெதுப்பாக்கி அனுப்பும்.

டியூ பாயிண்ட்னா என்ன?

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டிலை மேஜை மேல வெச்சா வெளிப்பக்கம் வேர்க்கும். பக்கத்துல இருக்கிற காத்து அந்த பாட்டில் மேல பட்டுக் குளிர்ந்து, தன்கிட்ட இருக்கிற நீராவியைப் பிடிச்சு வெச்சுக்க முடியாம விட்டுடுது. எந்த வெப்பநிலைக்கு வந்ததும் காத்து அப்படித் தண்ணியை விட ஆரம்பிக்குதோ, அதுதான் டியூ பாயிண்ட். பனிநிலைன்னு தமிழ்ல சொல்லலாம்.

ஃபேக்டரிக்கு இதை வெச்சு ஒரே ஒரு விதி போதும்: காத்தோட டியூ பாயிண்ட், குழாய்லயே ரொம்பக் குளிர்ந்த இடத்தோட வெப்பநிலையைவிடக் கீழ இருக்கணும். இருந்தா தண்ணி வராது. மேல போனா வரும். கன்ட்ரோல் வால்வுகளுக்குப் போற இன்ஸ்ட்ருமென்ட் காத்துக்கான ஐஎஸ்ஏ தரநிலை இதையே இன்னும் கறாரா சொல்லுது. குறைஞ்சபட்ச வெப்பநிலையைவிட 10 டிகிரியாவது கீழ இருக்கணும்னு.

அப்ப மைனஸ் 21 பிரமாதம்தானே? எங்க யூனிட்ல எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம்.

"ஃப்ரிட்ஜ் எப்படி மைனஸ் 21 கொடுக்கும்?"

ரெண்டு வாரம் கழிச்சு வேற ஒரு வேலைக்காக ஒரு சார் வந்தார். இன்ஸ்ட்ருமென்டேஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டார். "உங்ககிட்ட என்ன ட்ரையர் இருக்கு?" ஃப்ரிட்ஜ் டைப் சார்னேன். "அப்ப மைனஸ் 21 எப்படிப்பா வரும்? ஜீரோவுக்குக் கீழ போனா உள்ள தண்ணி ஐஸாகி அடைச்சுக்காதா?"

எனக்குத் தலையில யாரோ தட்டின மாதிரி இருந்துச்சு. அந்த ட்ரையரால 3 டிகிரிக்குக் கீழ போகவே முடியாது. அப்ப மீட்டர் எதை அளந்துச்சு?

பதில் அழுத்தத்துல இருக்கு. அந்த சர்வீஸ்காரர் லைன்ல இருந்து ஒரு டியூப் எடுத்து, காத்தை வெளிய விட்டு, விரிஞ்ச காத்துல ப்ரோபை வெச்சு அளந்திருக்கார். ஷேர் ஆட்டோ கணக்கைத் திருப்பிப் போடுங்க. ஒரு ஆட்டோ கூட்டம் மறுபடி எட்டு ஆட்டோல பரவுது. நெரிசல் எட்டுல ஒரு பங்காகுது, டியூ பாயிண்ட் படபடன்னு கீழ இறங்குது. 7 பார் அழுத்தத்துல 3 டிகிரியா இருக்கிற அதே காத்து, வெளிய விட்டா மைனஸ் 20-க்கும் கீழ காட்டும். காத்து மாறல, அளந்த இடம் மாறிடுச்சு.

லைன் அழுத்தத்துலயே அளக்கிறதுக்கு பிரஷர் டியூ பாயிண்ட்னு பேரு. வெளிய விட்டு அளக்கிறது அட்மாஸ்பெரிக் டியூ பாயிண்ட். குழாய்க்குள்ள தண்ணி வருமா வராதான்னு சொல்றது முதலாவதுதான். எத்தனை பார்ல அளந்தோம்னு எழுதாத டியூ பாயிண்ட், ஊர் பேர் எழுதாத அட்ரஸ் மாதிரி. இன்னிக்கு எபிசோட்ல இருந்து ஒரே ஒரு வரி ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

ப்ரோபை எங்க, எப்படி மாட்டணும்?

மறுநாள் அந்த சார் தன்னோட ப்ரோபைக் கொண்டு வந்தார். கட்டை விரல் தடிமன்ல ஒரு உலோகக் குழல், நுனியில ஒரு சின்ன வடிகட்டி, அதுக்குள்ள நகத்தைவிடச் சின்னதா ஒரு சென்சார். மெல்லிய பாலிமர் படலம் ஒண்ணு நீராவியை உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சுதோ அதுக்கேத்த மாதிரி அதோட மின் கொள்ளளவு மாறும். அதை டியூ பாயிண்ட்டா மாத்திக் காட்டும். பின்லாந்தோட வைசாலா கம்பெனி இந்த மாதிரி பாலிமர் ஈரப்பத சென்சாரை 1973-ல கொண்டு வந்துச்சு. ரொம்ப உலர்ந்த காத்துக்கு அலுமினியம் ஆக்ஸைடு வகையும் உண்டு. லேப்ல ஒப்பிட்டுப் பார்க்க சில்டு மிரர்னு ஒண்ணு இருக்கு. ஒரு குட்டிக் கண்ணாடியைக் குளிர வெச்சுக்கிட்டே போய், அது மேல பனி படியிற நொடியில வெப்பநிலையைப் படிக்கும். நம்ம வேர்க்கிற பாட்டிலேதான், கொஞ்சம் காஸ்ட்லியா.

மாட்டும்போது அவர் சொல்லிக் கொடுத்த நாலு விஷயத்தை அப்படியே சொல்றேன்.

ஒண்ணு, இடம். ட்ரையருக்கும் அதுக்குப் பின்னால இருக்கிற ஃபில்டருக்கும் அப்புறம், முழு அழுத்தம் இருக்கிற இடத்துல. சாம்பிள் செல்னு ஒரு சின்ன அறையில ப்ரோபை உட்கார வெச்சு, வெளிவழியில ஒரு ஸ்க்ரூவை லேசா திறந்து விடணும். அறைக்குள்ள 7 பார் அப்படியே இருக்கும், காத்து மட்டும் மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும். ஓடலைன்னா தேங்கின பழைய காத்தை அளந்துட்டு இருப்போம்.

ரெண்டு, டியூப். கையில கிடைச்ச ரப்பர் ஹோஸ், நைலான் டியூப் எல்லாம் ஆகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லைன்னா டெஃப்லான். இதுக்குக் காரணம் கேட்டா ஆச்சரியமா இருக்கும். உள்ள 7 பார் அழுத்தம் இருந்தாலும் வெளியிலிருந்து ஈரம் உள்ள ஏறும்! நீராவி மொத்த அழுத்தத்தைப் பார்க்காது, தன்னோட பங்கை மட்டும்தான் பார்க்கும். நம்ம ஊர்க் காத்துல நீராவியோட பங்கு சுமார் 32 மில்லிபார். மைனஸ் 40 டிகிரிக்கு உலர்த்தின லைனுக்குள்ள அது 0.2 மில்லிபார்தான். நெரிசலான பக்கத்திலிருந்து காலியான பக்கத்துக்கு நைலான் சுவரை ஊடுருவிப் போயிடும். சின்ன லீக் இருந்தா, காத்து வெளிய வர்ற அதே ஓட்டை வழியா ஈரம் உள்ள போகும்.

மூணு, பொறுமை. ஈரமான இடத்துல இருந்து உலர்ந்த இடத்துக்கு வந்தா ப்ரோபும் டியூபும் காய நேரம் எடுக்கும். நம்பர் மெதுவா இறங்கும், சில சமயம் மணிக்கணக்கா. மாட்டி அஞ்சு நிமிஷத்துல எழுதுற நம்பரை நம்பாதீங்க.

நாலு, கேலிப்ரேஷன். சென்சார்ல எண்ணெய் படியும், வயசாகும். வழக்கமா வருஷத்துக்கு ஒருமுறையோ ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப்ல ஒப்பிட்டு சர்டிஃபிகேட் வாங்கணும். 

இன்னொண்ணு. நிறைய ட்ரையர் முகப்புல பச்சை, சிவப்பு போட்ட ஒரு டயல் இருக்கும், டியூ பாயிண்ட்னு எழுதியிருக்கும். பெரும்பாலும் அது உள்ள இருக்கிற குளிர்ப் பகுதியோட வெப்பநிலையைக் காட்டுது, அவ்வளவுதான். வெளிய போற காத்தோட ஈரத்தை அது பார்க்கிறதே இல்ல. தண்ணியை வடிக்கிற ஆட்டோ ட்ரெயின் அடைச்சுக்கிட்டு, தண்ணி காத்தோட சேர்ந்து போனாலும் டயல் பச்சையிலேயே நிக்கும்.

24 மணி நேரம்

சார் கடைசியா சொன்னதுதான் முக்கியம். "ஒரு தடவை பார்க்காத. ஒரு நாள் முழுக்க ஓட விடு." ப்ரோபை ஒரு லாகர்ல இணைச்சு விட்டுட்டுப் போயிட்டார். மறுநாள் கிராஃபைப் பார்த்தோம்.

காலை 6-லிருந்து 11 வரைக்கும் 4, 5 டிகிரி. அழகான நேர்கோடு. சர்வீஸ்காரர் வந்த நேரம் அதுதான். மதியம் 1 மணிக்கு 9. ரெண்டரைக்கு மேல கோடு செங்குத்தா ஏறுது. மூணரைக்கு 38 டிகிரி. கொஞ்சம் இறங்குது, மறுபடி ஏறுது. அஞ்சரை வரைக்கும் இதே ஆட்டம். ஏழு மணிக்கு மேல மெதுவா இறங்கி, ராத்திரி 9-க்கு மறுபடி 5.

ட்ரையர் மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி, தகரக் கூரைக்கு அடியில இருந்துச்சு. மத்தியான வெயில் நேரா அங்கதான் அடிக்கும். திறந்து பார்த்தா கண்டென்ஸர் முழுக்க பவுடரும் தூசியும் போர்வை மாதிரி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி மூச்சு விட இடம் இல்லைன்னா என்ன ஆகும்? சூடாகி ட்ரிப் ஆகுது, ஆறினதும் தானா ஓடுது, மறுபடி ட்ரிப். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பிச்சுடும். யாரும் பார்க்கல.

இதுல அந்த ட்ரையரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ட்ரையர் கேட்டலாக்ல போட்டிருக்கிற கொள்ளளவு பல சமயம், உள்ள வர்ற காத்து 35 டிகிரி, சுற்றுப்புறம் 25 டிகிரிங்கற கணக்குல சொன்னது. அக்னி நட்சத்திரத்துல நம்ம ஷெட்டுக்குள்ள 25 டிகிரியா? உள்ள வர்ற காத்து 50 டிகிரி ஆச்சுன்னா, 35 டிகிரியில சுமக்கிறதைவிட ரெண்டு மடங்கு நீராவி அதுல இருக்கும். வாங்கும்போதே நம்ம வெயிலுக்குத் திருத்தி, ஒரு சைஸ் பெருசா எடுக்கணும்.

சரி, கதைக்கு வருவோம். மத்தியானம் 38 டிகிரி டியூ பாயிண்ட்டோட போன காத்து, ஷெட்டுக்கு வெளிய வடக்குச் சுவர் ஓரமா போற குழாய்ல குளிர்ந்து தண்ணியாகுது. ஒரு கதவைச் சுத்தி குழாய் கீழ இறங்கி ஏறுற இடத்துல அது தேங்குது. சாயந்திரம் குழாய் இன்னும் ஆறுது, இன்னும் தண்ணி சேருது, கொஞ்சம் கொஞ்சமா கன் வரைக்கும் தள்ளிட்டு வருது. ரிஜெக்‌ஷன் நோட்டை எடுத்துப் பார்த்தோம். எல்லாம் நாலு மணிக்கு மேல, உச்சம் 5-லிருந்து 8 வரைக்கும். அண்ணன் ஷிஃப்ட். கையை நீட்டிப் பாருன்னு அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

சரி பண்ண ஆன செலவு? ஒரு பிரஷ், அரை மணி நேரம், மேற்குச் சுவர்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், குழாய் தாழ்ந்த இடத்துல ஒரு ட்ரெயின் வால்வு.

எவ்வளவு உலர்வா இருந்தா போதும்?

இதுக்கு ஐஎஸ்ஓ 8573-1னு ஒரு தரநிலை இருக்கு. காத்துல இருக்கிற தூசி, தண்ணி, எண்ணெய் மூணுக்கும் வகுப்பு பிரிச்சு வெச்சிருக்காங்க. தண்ணிக்கு, பிரஷர் டியூ பாயிண்ட் கணக்குல, 4-வது வகுப்புன்னா பிளஸ் 3 டிகிரி, 3-வதுன்னா மைனஸ் 20, 2-வதுன்னா மைனஸ் 40, முதல் வகுப்புன்னா மைனஸ் 70.

எல்லாருக்கும் மைனஸ் 70 வாங்கிக் கொடுத்துடலாமேன்னு தோணும். ஆனா உலர்த்துறதுக்கு விலை உண்டு. மைனஸ் 40-க்கு ஃப்ரிட்ஜ் பத்தாது, ஈரத்தை உறிஞ்சுற மணிகள் நிரப்பின ரெட்டை டவர் ட்ரையர் வேணும். ஒரு டவர் காத்தை உலர்த்தும்போது இன்னொண்ணு தன்னைக் காய வெச்சுக்கும். சூடாக்காத வகையில அதுக்கே உலர்ந்த காத்துல சுமார் 15 சதவீதம் செலவாகும். அது முழுக்க கரன்ட் பில். மருந்து, எலக்ட்ரானிக்ஸுக்கு அது அவசியம். 2021 கொரோனா இரண்டாம் அலை சமயத்துல ஆஸ்பத்திரிகள்ல வந்த பிஎஸ்ஏ ஆக்சிஜன் பிளான்ட்டுக்கும் காத்து உலர்வா இருந்தாகணும். ஈரம் போனா நைட்ரஜனைப் பிடிக்கிற சியோலைட் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு வேலைக்கு ஆகாம போயிடும். ஆனா எங்க பிராக்கெட்டுக்கு 3 டிகிரி போதும். நாள் முழுக்க 3 டிகிரி, அதுதான் விஷயம்.

டிஸ்ப்ளே எங்க இருக்கணும்?

அண்ணனைத் திரும்ப பூத்துக்கு வரச் சொன்னாங்க. பிடிச்ச இன்சென்டிவ் அடுத்த மாசச் சம்பளத்தோட வந்துச்சு. யாரும் சாரி சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. நிரந்தரமா ஒரு ப்ரோப் வாங்கினாங்க, டிஸ்ப்ளேவை கம்ப்ரஸர் ரூம்ல மாட்டப் போனோம். அண்ணன் வந்து கேட்டார். "தம்பி, அதை எதுக்கு அங்க மாட்டுறீங்க? அங்க யாரு இருக்கா? என் பூத் பக்கத்துல மாட்டு. நம்பர் ஏறினா நானே கன்னை நிறுத்திடறேன்."

வயரை நீட்டி அவர் கண்ணுக்கு நேரா மாட்டினோம். பக்கத்துல ஒரு ஸ்டிக்கர்: '7 பார்ல அளந்தது. 10 தாண்டினா நிறுத்து.'

நீங்க வேலை பார்க்கிற இடத்துல இந்த மாதிரி ஒரு மீட்டர் இருந்தா, நாளைக்குப் போனதும் மூணே கேள்வி கேளுங்க. எந்த அழுத்தத்துல அளந்தது? எந்த நேரத்துல அளந்தது? அந்த நம்பர் யார் கண்ணுல படுது? பதில் என்ன வந்துச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.